விசாவுக்குச் சொன்ன ஆமென்

வருடாவருடம் தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று எழும்பிவிட்டால், இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் கண்டக்குழியில் மணல் மேலிருந்துதான் விழும். எங்கள் சபைக் கொட்டிலின் தகரக் கூரையில் அது விழுந்து உருளும் சத்தம், மேலே யாரோ இருந்து அரிசி கொழிப்பதுபோல இருக்கும். ஒரு வீச்சு ஓய்ந்து அடுத்த வீச்சு வருவதற்கு இடையில் உபதேசியார் கடிதத்தில் ஒரு வரியை வாசிப்பார், வாசித்துவிட்டு நிற்பார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து "ஆமென்" என்போம், பிறகு மறுபடியும் மணல். இன்றைக்கும் தகரத்தில் மணல் விழும் சத்தம் எங்கே கேட்டாலும் என் வாய் தன்பாட்டில் ஆமென் சொல்ல ஆயத்தமாகிவிடுகிறது.

அந்தக் கடிதம் என் அக்காவுடையது. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டதால் என்னைக் குளிப்பாட்டியதும், சோறு தீத்தியதும், சிலேட்டில் கையைப் பிடித்து எழுதவைத்ததும் எஸ்தர் அக்காதான். தாதி வேலை படித்திருந்த அக்கா, எனக்கு எட்டு வயதான வருடம், சாம்பியா நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஊழியத்துக்குப் போனாள். எங்கள் சபை மொத்தமே எட்டுக் குடும்பம். அந்தோனியார் கோயில்காரரும் பள்ளிவாசல்காரரும் நிறைந்த கரையில் எங்களை "அல்லேலூயாக்காரர்" என்று பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட சபையிலிருந்து ஒருத்தி கடல் கடந்து ஊழியத்துக்குப் போகிறாள் என்பது எல்லோருக்கும் பெரிய பெருமையாக இருந்தது, எனக்கும் அப்பாவுக்கும் தவிர. அக்கா போன அன்றைக்கு வள்ளங்கள் இழுத்துவைத்திருந்த இடத்தில் குனிந்து என் தலையைக் கோதி, "ரெண்டு சோழகம்தான்டா. மூண்டாவது எழும்ப முந்தி வந்திடுவன்" என்றாள். சாம்பியாவில் கடலே இல்லை என்றும் சொன்னாள். எங்கள் கரையில் பிறந்த ஒருத்தியால் கடல் இல்லாத இடத்தில் ரெண்டு வருடத்துக்குமேல் இருக்க முடியாது என்று நான் நம்பினேன்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது; நானோ அப்போது எழுத்துக்கூட்டத்தான் பழகியிருந்தேன். வீட்டுக்கு வரும் கடிதத்தை அயலில் யாரிடமும் கொடுத்து வாசிப்பிக்க அவருக்குக் கூச்சம். அதனால் அக்காவிடம், "சபைக்கே எழுது, நாங்களும் அங்கதானே இருக்கிறம்" என்று சொல்லியனுப்பினார். அப்படித்தான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எட்டுக் குடும்பத்தின் நடுவில் இருந்து என் அக்காவை நான் கேட்க வேண்டியதாயிற்று. தானே உறையாக மடியும் நீல நிறக் கடதாசி. மூன்று ஓரமும் ஒட்டியிருக்கும். உபதேசியார் சவர அலகால் மெதுவாகக் கீறித் திறப்பார். உள்ளே இரண்டே பகுதி, மேலே "ஸ்தோத்திரம்", கீழே "ஜெபம்". மருந்து லொறி சேற்றில் புதையாமல் வந்துசேர்ந்ததற்காக ஸ்தோத்திரம். கிணற்றில் தண்ணீர் ஊறியதற்காக ஸ்தோத்திரம். இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் பிழைத்ததற்காக ஸ்தோத்திரம். பிறகு ஜெபம்: நெருப்பில் விழுந்து கால் வெந்த சண்டா என்ற பையனுக்காக. அந்தப் பெயரைக் கேட்டு முன்னுக்கு இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சண்டாவுக்கு என்னுடைய வயது, நடக்க முடியாததால் அவனை அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தது. ஐந்து மாதமாகச் சண்டாவின் கால் எங்கள் கொட்டிலுக்கு வந்துகொண்டே இருந்தது. ஐந்து மாதமும் அவனுக்காக நான் சொன்ன ஆமென் அரைவாசிதான்.

கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "என் அப்பாவின் சுகத்துக்காகவும் தம்பியின் படிப்புக்காகவும்." அந்தத் "தம்பி" என்ற சொல் வரும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். வந்ததும் எல்லோரும் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாயில் இருக்கும் மணலைப் பார்ப்பேன். அவ்வளவுதான், அடுத்த மாதம்வரை.

இரண்டு சோழகம் முடிந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. மூன்றாவது எழும்ப இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கும்போது ஒரு கடிதத்தில் புதிய வரி ஒன்று வந்தது: "என் விசா நீடிக்கப்பட ஜெபித்துக்கொள்ளுங்கள்." விசா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வாட்டில் கிடக்கும் நோயாளிகளின் பெயர்களுக்கு நடுவே அது வந்ததால், அக்காவுக்கு ஏதோ நோய் வருத்தம் வந்துவிட்டது, அவளுடைய உயிர் நீடிக்க வேண்டும் என்று கேட்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். கண்ணை இறுக மூடி, என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் சொல்லாத அளவுக்கு உரத்து "ஆமென்" என்றேன். "பாருங்க, பெடியனுக்குத்தான் அக்காவில எவ்வளவு பாசம்" என்று பின்னால் ஒரு பெண் சொன்னது கேட்டது.

இரண்டு நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்துவிட்டு, சைக்கிளில் தபால் கொண்டுவரும் சாலி நானாவை வழியில் மறித்துக் கேட்டேன்.

"நானா, விசா எண்டா கடுமையான வருத்தமா?"

அக்காவை ராத்தா என்றுதான் சொல்லும் சாலி நானா, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "வருத்தமா! விசா எண்டா அந்த நாட்டில இரிக்கிறதுக்கு உத்தரவு மகன். ஏன், ராத்தா நீட்டப் போறாவா? நீட்டினா இன்னும் ரெண்டு வருசத்துக்கு வரமாட்டா. வாப்பாட்டச் சொல்லு, பெட்டை அங்கேயே குடியாகப் போறா எண்டு."

அவர் மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த ஒழுங்கைப் பாதையில் நின்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஆமெனைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று யாரிடம் கேட்பது?

அடுத்த மாதமும் அந்த வரி வந்தது. உபதேசியார் வாசித்துவிட்டு நின்றார். நான் உதட்டை உள்ளுக்கு மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டேன். எல்லோருடைய ஆமெனும் எழும்பியது. என்னுடைய சத்தம் இல்லாததால் மற்றச் சத்தங்களைப் பிரித்துக் கேட்க முடிந்தது. அப்போதுதான் தெரிந்தது, என் பக்கத்தில் இருக்கும் அப்பாவின் தடித்த குரல் அதற்குள் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடை தொடங்கிய மாதத்தில் ஸ்தோத்திரத்தின் முதல் வரியாக விசா வந்தது. "உங்கள் ஜெபம் கேட்கப்பட்டது" என்று அக்கா எழுதியிருந்தாள். முதல் மாதத்தில் நான் உரத்துச் சொன்ன அந்த ஒன்றுதான் காரியத்தைக் கெடுத்தது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த வருட முடிவில் அப்பாவின் வலது கையில் திருக்கை முள் குத்தியது. வீக்கம் வற்றியபிறகும் விரல்கள் மடங்கவில்லை. வலை இழுக்க ஒரு ஆள் வேண்டும், கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லை; "கொஞ்ச நாளைக்கு" என்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வள்ளத்தில் ஏறினேன். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஆனால் அக்காவின் கடிதத்தில் கடைசி வரி மாறாமல் வந்துகொண்டிருந்தது, தம்பியின் படிப்புக்காக. உபதேசியார் அதைத் தாழ்ந்த குரலில் வாசிப்பார். எல்லோருக்கும் விஷயம் தெரியும். என்றாலும் ஆமென் சொல்வார்கள். கயிறு அறுத்த உள்ளங்கைகளை மடிக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டு நானும் சொல்வேன்.

ஒருநாள் வலை காயப்போடும்போது அப்பா சொன்னார், "நீ பள்ளிக்கூடத்தால நிண்டிட்டாய் எண்டு கொக்காவுக்கு எழுதிப்போடாதே. உபதேசியாரிட்டயும் சொல்லிவைச்சிருக்கிறன். அறிஞ்சாள் எண்டா பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிண்டிடுவாள்."

அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு கடதாசி போதும், அக்கா வந்துவிடுவாள். அதை எனக்குக் காட்டித் தந்தது, எழுதாதே என்று சொன்ன அப்பாவேதான்.

சாலி நானாவிடம் ஒரு நீலக் கடதாசி கேட்டு வாங்கினேன். "விலாசத்தை இங்கிலீசில நான் எழுதித் தாறன், உள்ளுக்கு நீ எழுது மகன், ராத்தா சந்தோசப்படுவா" என்றார். வள்ளம் கரைக்கு வந்த ஒரு பின்நேரம், வீட்டுக்குப் பின்னால் மீன்பெட்டிமேல் வைத்துப் பென்சிலால் எழுதினேன். எனக்குத் தெரிந்த கடிதம் அந்த ஒரு மாதிரிதான் என்பதால் மேலே "ஸ்தோத்திரம்" என்று போட்டு அப்பா சுகம் என்று எழுதினேன். கீழே "ஜெபம்" என்று போட்டு, "நான் பள்ளிக்கூடம் விட்டிட்டன். வாங்க அக்கா" என்று எழுதினேன்.

அப்பா வந்து பின்னால் நின்றார்.

"அக்காவுக்கா?"

"ஓம்."

"வாசி பாப்பம்."

என் கண் கடதாசியில் இருந்தது. வாய் வேறொன்றை வாசித்தது. "ஸ்தோத்திரம். அப்பா சுகம். என்ர படிப்பு நல்லாப் போகுது."

அப்பா, "உபதேசியார் மாதிரியே வாசிக்கிறாய்" என்றார். மடங்காத கையால் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்கு வாசித்துக் காட்டியதை ஏமாற்றாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அழிறப்பரை எடுத்துக் கீழே இருந்ததை அழித்தேன். கடதாசி அந்த இடத்தில் மட்டும் மெலிந்து பஞ்சுபோல எழும்பியது. வாசித்ததை மேலே, ஸ்தோத்திரத்தில் எழுதி, ஓரங்களை நக்கி ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து உபதேசியார் அக்காவின் கடிதத்தைக் கீறித் திறந்து, ஸ்தோத்திரத்தில் மூன்றாவது வரியை வாசிக்கத் தொடங்கி நடுவில் தடுமாறினார். "தம்பியின்... படிப்பு நல்லபடியாக நடப்பதற்காக." வாசித்துவிட்டு வழக்கம்போல நின்றார். காற்றும் நின்றிருந்தது. நடக்காத காரியத்துக்கு ஜெபிக்கலாம், எப்படி ஸ்தோத்திரம் சொல்வது? ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்னுக்கு இருந்த பிள்ளைகள்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஆமென்" என்றார் அப்பா. தனியே, உரத்து. விசாவுக்கு வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர்.

பிறகு அக்காவின் விசா எத்தனையோ தரம் நீண்டது. யுத்த காலத்தில் இரண்டே முறை விருந்தாளிபோல வந்து போனாள். வள்ளத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். எப்போது பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உபதேசியார் போனார், அப்பாவும் போனார். யுத்தம் முடிந்தபின் எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். நாங்கள் பயந்து வள்ளத்தை மேலே இழுத்துவைக்கும் அதே சோழகத்தைத் தேடி வந்து, காலில் பலகையைக் கட்டி, பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு அலைமேல் ஓடுகிறார்கள். கொட்டில் இருந்த இடத்தில் அவர்களுடைய பலகைகளை அடுக்கிவைக்கும் ஒரு கட்டிடம் நிற்கிறது, கொங்கிரீட் கூரை. மிஞ்சிய குடும்பங்கள் புத்தளத்தில் ஒரு சபைக்குப் போகின்றன. அக்காவின் குறிப்புகள் இப்போது போனில், சபைக் குழுவுக்கு வருகின்றன. ஒருவரும் ஆமென் சொல்வதில்லை. கூப்பிய கைப் படத்தை அழுத்துகிறார்கள். கூச்சத்தில் நான் அதைக்கூட அழுத்துவதில்லை.

போன மாதம் அக்காவின் குரலில் ஒரு குறிப்பு வந்தது. கால் வெந்த அந்தச் சண்டாவின் மகள்தான் போனைப் பிடித்துக் கொடுக்கிறாளாம். இப்போது அக்கா அந்த நாட்டுப் பிரஜை. "கண்டக்குழியில் போய் இருக்க ஆசை. இலங்கை விசா கிடைக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றாள். கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் குழுவில் ஒன்றும் போடாமல் அவளுடைய இலக்கத்துக்குத் தனியே என் குரலைப் பதிந்து அனுப்பினேன். "அக்கா, நான் அஞ்சாம் வகுப்போட நிண்டிட்டன். அந்தக் கடிதத்தில பொய் எழுதினனான்."

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "தெரியுமடா. அழிச்ச இடத்தை ஜன்னலில பிடிச்சுப் பாத்தனான். பள்ளிக்கூடம் விட்டதும் வாங்க அக்கா எண்டதும் நல்லாத் தெரிஞ்சுது, நீ அழுத்தி எழுதுறவன்." பிறகு, "நீ அழிச்சிட்டாய் எண்டுதான்டா நான் வரேல்ல."

அதை ஒருமுறைதான் கேட்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொட்டில் இருந்த பக்கமாக நடந்தேன். காற்று பலமாக இருந்தது. மணல் முகத்தில் அடித்தது. விழுந்து சத்தம் போட அங்கே தகரம் இல்லை. வீச்சு ஓயும்வரை, உபதேசியாரைப்போல, காத்து நின்றேன். ஓய்ந்ததும் விசாவுக்கு ஆமென் சொன்னேன், இந்தமுறை அது என்னவென்று தெரிந்துகொண்டு.