இரண்டு ஜீப்புகளுக்கு நடுவே

மாலை ஐந்தேகால் மணிக்கு, போடிமெட்டு டீக்கடை முன்னால், இரண்டாவது ஜீப்பிலிருந்து எல்லோரும் இறங்கி முடித்தார்கள். என் மகள் இறங்கவில்லை. முதல் ஜீப்பில் வந்த நான், அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். பின்னால் வந்தவர்கள், அவள் அம்மாவோடு முன்னாலேயே போய்விட்டாள் என்று நினைத்திருந்தார்கள்.

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவள், ஐப்பசியில் வடக்கிலிருந்து வலசை வரும் கழுகுகளையும் பருந்துகளையும் எண்ணும் குழுவில் சேர்ந்திருந்தாள். மலை என்றாலே எனக்குப் பயம். அதனால் நானும் கிளம்பினேன், பறவையைப் பார்க்க அல்ல, அவளைப் பார்க்க. ஆனால் வெயில் ஏறியதும் என் கண்ணும் வானத்துக்குப் போய்விட்டது. போடிச் சமவெளியிலிருந்து எழும் சூடான காற்றில், சிறகை அசைக்காமலே பருந்துகள் வட்டமிட்டு ஏறின. ஓர் உயரம் வந்ததும் வட்டத்தை விட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே வழுக்கிச் சென்றன. சுற்றும்போது எண்ணக் கூடாதாம். பிரிந்து போகும்போதுதான் எண்ண வேண்டுமாம். "ம்மா, பூனைப்பருந்து! இறக்கைய எப்படித் தூக்கிப் பிடிச்சிருக்கு பாரு!" என்று கத்தினாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சந்தோஷப்பட்டு நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

பாறை மேட்டில் இரண்டு அணிகள் நின்றன. எதிரே தெரிந்த செல்போன் கோபுரம்தான் எல்லை. அதற்குக் கிழக்கே பறப்பது ஓர் அணியின் கணக்கு, மேற்கே பறப்பது மற்றதன் கணக்கு. ஒரே பறவையை இருவரும் எண்ணிவிடக் கூடாது என்பதில் குழுவை நடத்திய பேராசிரியர் அத்தனை கண்டிப்பாக இருந்தார்.

"கோபுரத்துக்கு நேரா வந்துட்டா சார்?" என்று கேட்டேன்.

"அப்பத்தான் மேடம் சண்டையே" என்று சிரித்தார்.

என் மகள் எந்த அணியில் ஆள் குறைந்ததோ அங்கே ஓடிக்கொண்டிருந்தாள். திடீரென்று மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடியபோது, அவசர அவசரமாக ஜீப்பில் ஏறினோம். இரு அணிக்கும் பொதுவாக இருந்தவளை இரு அணிகளும் விட்டுவிட்டன.

டீக்கடை வாசலில் பேராசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஜீப்பை ஓட்டியவர்தான் முதலில் அசைந்தார். நான் பள்ளிக்கூட டீச்சர் என்பது வரும் வழியிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. "டீச்சர், அழுவாதீக. பாப்பா அங்கனதான் உக்காந்திருக்கும். வெரசாப் போய்க் கூட்டியாந்துர்றோம்" என்று பேராசிரியரை ஏற்றிக்கொண்டு மேலே போனார். மகளின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொன்னது. மலையடிவாரத்துத் தேவாரம் ஊர்ப்பக்கம் யானை வந்த கதைகளெல்லாம் அந்நேரம் பார்த்து நினைவுக்கு வந்தன. டீக்கடைக்காரர் கையில் திணித்த டம்ளரில் டீ ஆடை கட்டியது.

இருட்டும் நேரத்தில் அவர்கள் திரும்பினார்கள். "பாறையில யாருமே இல்ல டீச்சர்" என்றார் ஓட்டுநர். இம்முறை அழுவாதீக என்று சொல்லவில்லை.

மஞ்சள் விளக்குகளோடு ஒவ்வொரு ஜீப்பாக மூடுபனியிலிருந்து வெளிவந்தது. ஏலக்காய் பறித்துவிட்டு ஊர் திரும்பும் பெண்கள். கையை நீட்டி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தேன். நாலைந்து ஜீப்புகள் போயிருக்கும். அடுத்தது நான் கை காட்டாமலே நின்றது. முன்சீட்டிலிருந்து, இடுப்பில் நீலப் படுதாவும் தலையில் துண்டுமாக ஒரு கங்காணியம்மா இறங்கினார். பின்னால், நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவே, யாருடைய சாக்கையோ போர்த்திக்கொண்டு என் மகள்.

"ம்மா, பருந்து மரத்துல அடையறதப் பாக்கக் கொஞ்சம் கீழ எறங்கினேன். திரும்பிப் பாத்தா வழியே தெரியல. இவங்க பேச்சுச் சத்தம் கேட்டுத்தான் போனேன். காய் எடை போட்டு முடிஞ்சாத்தான் ஜீப்பு எடுப்பாங்களாம்."

அவள் கன்னத்தைத் தொட்டேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் கங்காணியம்மாவைக் கும்பிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கழுத்தில் பைனாகுலரோடு வரிசையாக நின்ற எங்கள் எல்லோரையும் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்தார்.

"காலையில சிலமலை ஊருல ஏத்துனது பதிமூணு தலை. எறக்கும்போதும் பதிமூணு இருக்கணும், அதான் என் சோலி. இப்ப எண்ணுனா பதினாலு வருது. கூடுன தலை ஆரோடது தாயி, ஒங்களதா?"