ஒக்கலிபுரத்தில் இரவல் நடை

மேடையோ சினிமாவோ, வேடம் கிடைத்தால் தெருவில் ஒருவர் பின்னால் போய் நடையைப் பிடிப்பது என் வழக்கம்.

இன்று நொண்டி வேடம் ஒன்றுக்காக ஒக்கலிபுரத்தில், ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்த ஒருவரைத் தொடர்ந்தேன். மூன்றாவது சந்தில் வெளிறிய முகத்தோடு திரும்பினார்.

"யாருய்யா நீ? எதுக்கு என் பின்னாடியே வர்ற?"

கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் என் காலரைப் பிடித்தான். இன்னொருவன் அவனிடம் கத்தினான்: "திருடன்தான், வுடாதே குரு!"

"நடிகன் சார். உங்க நடையைப் பார்த்துக் கத்துக்க வந்தேன்."

"அப்படின்னா நடந்து காட்டு," என்றான் காலரைப் பிடித்தவன், பிடியை விடாமல்.

நொண்டினால் கேலி என்று அடிப்பார்கள். நொண்டாவிட்டால் திருடன் என்று அடிப்பார்கள். நடுங்கிக்கொண்டே நொண்டினேன்.

கால் தாங்கி நடந்தவர் குனிந்து என் காலையே பார்த்தார்.

"எனக்கு வலது கால்யா. நீ இடதைத் தாங்குற."

கூட்டம் சிரித்த சிரிப்பில் காலர் விடுபட்டது. பிரௌசிங் சென்டரில் இந்தப் பதிவைத் தட்டும்போதும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

பயந்தாங்கொள்ளி வேடம் இருந்தால் சொல்லுங்கள். அதற்கு நான் யார் பின்னாலும் போக வேண்டியதில்லை.