ஓடைன்னு சொல்லிராத

எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் ரகசியம் சொல்லமாட்டார்கள். சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. காதில் விழுந்த எதுவும் என் வயிற்றில் ஒரு பொழுது தங்காது. அப்பா எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்க்கவும் செய்வேன்.

மலைமேல் நாயுடுபுரத்தில் மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் சரிவில் எங்கள் வீடு. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே படியும் சறுக்குமாக ஒரு தடம். மாசி பங்குனியில் அது பாதை. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மேட்டுத் தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரச் சுவரைப் பிடித்தபடி பள்ளிக்கூடத்துக்கு ஏறுவோம். பெரியவர்கள் அதைப் பாதை என்றார்கள், பிள்ளைகள் நாங்கள் ஓடை என்றோம். அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை, நகராட்சியில் புது மாஸ்டர் பிளான் பேச்சு வரும்வரை.

அந்தந்தத் தெருக்காரர்களே தங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அப்பா சுற்றுலா வேன் ஓட்டினார். வேனை மேலே ரோட்டோரம் விட்டுவிட்டு, அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் தோளில் சுமந்து இறங்கி இறங்கி அவருக்கு முழங்கால் போயிருந்தது. பாதையை அகலப்படுத்தி, வேன் வீட்டு வாசல்வரை வருகிற ரோடாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நியாயமான ஆசைதான். தெருக் கூட்டத்தை எங்கள் வீட்டு முற்றத்தில் கூட்டினார். எல்லார் படிவத்தையும் அவரே நிரப்பினார். அம்மா பெயருக்கு நேரேயும் அவரே கையெழுத்துப் போட்டார். படிவத்தின் தலைப்பில் 'மக்கள் பங்கேற்பு' என்று அச்சடித்திருந்தது.

ரோடு வந்தால் பெரியம்மா வீடு போகும். பெரியம்மா, அம்மாவின் அக்கா. பெரியப்பா இறந்தபிறகு பாதையை ஒட்டியிருந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். பக்கத்துக் கிராமமான பேத்துப்பாறையிலிருந்து பூண்டு வாங்கிவந்து, உரித்து ஹோட்டல்களுக்குக் கொடுப்பாள். வீட்டு வரி ரசீது வைத்திருந்தாள், பட்டா இல்லை. கூட்டத்துக்கு வந்து கதவோரம் நின்றவள் வாயைத் திறக்குமுன் கீழ்வீட்டுக்காரர், "பட்டா உள்ளவங்க பேசி முடிக்கட்டும்க்கா" என்றார். அவர்கள் பேசி முடித்தபோது கூட்டமும் முடிந்திருந்தது.

"மதினிக்கு வேற எடம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

எந்த இடம் என்று அம்மா கேட்டாள்.

"பாத்துக்கலாம்னு சொல்றேன்ல."

அடுத்த ஒரு வாரம் அடுக்களையில் பாத்திரங்கள்தான் பேசின. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் வேன் வந்து நிற்பதை நினைத்தால் குதிக்கத் தோன்றியது, பெரியம்மாவின் பூண்டு மணக்கும் கையை நினைத்தால் அழுகை வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து, அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை சர்வேயர் வருவதாக இருந்தது. அப்பா வெள்ளனே வேன் எடுத்துப் போய்விட்டார். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"ஏ புள்ள, ஒண்ணு சொல்லுவேன், யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது. சர்வேயர்ட்ட இத ஓடைன்னு மட்டும் சொல்லிராத. ஓடைன்னு பிளான்ல ஏறிருச்சுன்னா ரோடு போட விடமாட்டாங்களாம். ஒங்கப்பா நெனச்சது நடக்காது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கெதுக்கு? ஒனக்கு மட்டுந்தான். அவரு வந்தா நீயே கூடப்போயி தெருவக் காட்டு. எனக்கு அடுப்படியில சோலி கெடக்கு."

வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த முதல் ரகசியம். பெருமையில் நெஞ்சு விம்மியது, கொஞ்ச நேரத்தில் அதுவே வலியாகிவிட்டது. படியில் ஏறினேன், இறங்கினேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். மரத்திடம் சொன்னால் தப்பில்லை என்று தோன்றி, கொல்லைப் பேரிக்காய் மரத்திடம் போய்ச் சொன்னேன். மரம் திருப்பி ஒன்றும் கேட்காததால் ஆறவில்லை.

பத்து மணிக்குமேல் சர்வேயர் வந்தார். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்ட ஒல்லியான மனிதர். அவர் என்னிடம் எதையுமே கேட்கவில்லை, அதுதான் கொடுமை. டேப்பைப் பிடித்து அளந்தார், நோட்டில் 'பாதை' என்று எழுதினார். எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடைசிப் படியும் ஏறியாயிற்று. ரோட்டில் கால் வைத்தவர் திரும்பி, "சமத்துப் பாப்பா, வாயே தொறக்கலையே" என்றார்.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"இது ஓடைங்க" என்றேன். "ஐப்பசியில முழங்கா வரைக்கும் தண்ணி ஓடும். சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் மூடிய நோட்டைத் திறந்தார். பிறகு மறுபடி கீழே இறங்கினார். ஓரச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பாசி பிடித்திருந்ததைத் தடவிப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

நான் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒழுங்காகக் காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான்.

சில மாதம் கழித்து நகராட்சி அலுவலகத்தில் பிளானை ஒட்டினார்கள். எங்கள் பாதை நீலக்கோடாக இருந்தது. ஏற்கெனவே இருக்கிற வீடுகள் இருந்தபடி இருக்கலாம், புதிதாக எதுவும் கூடாது என்று குறிப்பு. பெரியம்மா வீடு தப்பியது. அப்பா மத்தியானம் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எவனோ போட்டுக் குடுத்துட்டான்" என்றார். கீழ்வீட்டுக்காரர்மீது சந்தேகப்பட்டு இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த முழங்காலை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

"விடுங்க, வெரசா சாப்புடுங்க" என்று அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். என் தட்டில் சோற்றைக் கிளறினால், அடியில் ஒரு அவித்த முட்டை இருந்தது. வழக்கமாக அது அண்ணனுக்குத்தான். நான் செய்த துரோகம் தெரியாமல் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தெருவுக்கே ரேடியோவான மகளிடம், வீட்டில் வேறு யாருக்கும் சொல்லாததை, சர்வேயர் வருகிற அன்று காலையில் பார்த்து ஏன் சொன்னாள் என்று யோசிக்கிற வயதல்ல அது. அம்மா என்னை நம்பிச் சொன்னாள், நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டே முட்டையைத் தின்றேன். நம்பித்தான் சொல்லியிருக்கிறாள்.