வியாழக்கிழமைகளில் மறைந்த பட்டை

ஆய்வகத்தில் அவருக்கு விடாக்கண்டி என்று பெயர். கண்ணாடிக் குப்பிகள் கழுவச் சேர்ந்தவர், பதினான்கு வருடத்தில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு சோதனைகளைத் தனியாகச் செய்யும் உதவியாளராகிவிட்டார். அவர் கை பட்டால் தப்பாது என்று ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியையே சொல்வதுண்டு. ஆனால் அந்த வருடம் எல்லாமே தப்பிக்கொண்டிருந்தது.

மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததோடு பேச குளூட்டமேட் என்ற பொருளை வெளிவிடுகிறது. அதை வாங்கிக்கொள்ள அடுத்த நரம்பணுவின் மேல் ஏற்பிகள் காத்திருக்கும். ஏற்பிகள் கூடினால் அணுவுக்குக் காது கூர்மையாகும், குறைந்தால் மந்தமாகும். அப்படிக் குறைக்க நினைக்கும்போது அணு அந்த ஏற்பிகள் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னஞ்சிறு புரதத்தை ஒட்டிவிடுகிறது, ஒட்டு விழுந்தவை உள்ளே இழுக்கப்பட்டு அழிகின்றன என்பது பேராசிரியையின் கணிப்பு. நரம்பணுக்களைக் கரைத்துச் சோதித்தால், ஒட்டு விழுந்த ஏற்பி எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். ஏழு மாதமாக அது சரியாகத் தெரியவில்லை.

"போதும்மா. ஒட்டே விழறதில்ல போல. நான்தான் தப்பா நினைச்சுட்டேன். இந்த ஆராய்ச்சிய இந்த மாசத்தோட மூடிடலாம்," என்றார் பேராசிரியை.

"மூடுங்க மேடம். ஏன் வரலைன்னு தெரிஞ்சுகிட்டு மூடுங்க."

அன்று மதியம் விடாக்கண்டி பழைய ஃபிலிம்கள் முப்பத்தொன்றையும் மேசையில் பரப்பினார். தேதிவாரியாக அடுக்கியதில் ஒன்றும் புரியவில்லை. கிழமைவாரியாக மாற்றி அடுக்கினார். திங்கட்கிழமை எடுத்தவற்றில் மங்கலாக ஒரு பட்டை. செவ்வாயில் அதன் நிழல். வியாழனில் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

காரணம் அவருக்குப் புரிந்தது. நரம்பணுவைக் கரைத்த பிறகும் அதிலுள்ள சில நொதிகள் ஒட்டைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். அவற்றைத் தடுக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரைந்தால் நாளாக ஆக வீரியம் போய்விடும். ஒரு வாரம் தாங்கும் என்று நம்பி, திங்கள்தோறும் அதைக் கரைத்து வைத்தது வேறு யாருமல்ல, அவரேதான்.

பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் கணவர் சாயங்காலம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சத்தமில்லாம புதுசா கரைச்சு ஊத்திடு. நீயா போய் ஏன் மாட்டிக்கிற?"

"பழைய ஃபிலிமை நம்பித்தாங்க அந்தம்மா மூடப் போறாங்க. அது தப்புன்னு நான் சொல்லாம வேற யார் சொல்லுவா?"

மறுநாள் காலையில் நேராகப் பேராசிரியையிடம் போய்ச் சொன்னார்.

"ஏழு மாசம்," என்றார் பேராசிரியை.

"ஆமா மேடம். எனக்கு ரெண்டு வாரம் கொடுங்க."

ஒவ்வொரு தடவையும் மருந்தை அந்த நிமிடமே கரைத்தார். எல்லாவற்றையும் ஐஸிலேயே வைத்ததில் விரல்கள் மரத்துப்போயின. முதல் ஃபிலிமிலேயே பட்டை மையிட்டதுபோல எழுந்தது. குளூட்டமேட் கொடுத்த அணுக்களில் அது இன்னும் கறுத்தது. மேற்பரப்பில் ஏற்பிகளும் குறைந்திருந்தன.

"இது ஏற்பிமேல இருக்கிற ஒட்டுதான்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார் பேராசிரியை.

அதற்கும் செய்து காட்டினார். ஒட்டு விழும் இடத்தை மாற்றியமைத்த ஏற்பியில் பட்டை வரவில்லை. அந்த ஏற்பிகள் மேற்பரப்பை விட்டு அசையவும் இல்லை. மூன்று முறை செய்தார், மூன்று முறையும் அதுவே வந்தது.

கட்டுரை வெளியானபோது அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. செய்முறைப் பகுதியில், மருந்தை உடனுக்குடன் கரைக்க வேண்டும் என்ற வரியை அவரே கேட்டுச் சேர்த்தார்.

"அடுத்தது, ஒட்டறது எந்த நொதின்னு பாக்கணும். சந்தேகப் பட்டியல்ல பத்தொம்பது இருக்கு. வருஷக்கணக்கா ஆகும்மா," என்றார் பேராசிரியை.

விடாக்கண்டி பட்டியலை வாங்கி, முதல் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஐஸ் பெட்டியை நிரப்பப் போனார்.