தலைசுற்றலும் வழித்த நாக்கும்

1. முதல் நாள்

"ஊசி பழக்கம் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். பொத்தான் தைப்பேன் என்றேன். வேலை கொடுத்துவிட்டார்.

அதற்கு முன்னால் பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சாவது வரைதான் படிப்பு. இப்போது பட்டாபிராமில் ஓர் அக்குபஞ்சர் கிளினிக்கில் உதவியாள். சேர்ந்து வருஷம் பல ஆயிற்று. பெயர் மெகருன்னிசா. வருகிறவர்கள் மெகரக்கா என்பார்கள். புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

கிளினிக் இரண்டாவது மாடி. வெளிப்பக்கமாக இரும்புச் சுழல்படி. டாக்டரம்மா தலைசுற்றலுக்குப் பேர் போனவர். தலை சுற்றுகிறவர்கள் எல்லாம் அந்தப் படியைச் சுற்றிச் சுற்றித்தான் மேலே வர வேண்டும். முதல் நாள் எனக்கு ஊசி வேலை இல்லை. கீழே போய் ஆளைத் தள்ளிக்கொண்டு வருவதுதான் வேலை. துணைக்கு வந்தவர்களும் மேலே வந்ததும் சுவரைப் பிடித்தார்கள்.

ஏறி வந்தவுடன் பல்ஸ் பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் ஓட்டமாக ஓடும். பெஞ்சில் உட்கார வைத்து, மூச்சு இறங்கின பிறகுதான் உள்ளே அனுப்ப வேண்டும். நான் கற்ற முதல் வேலை இது.

2. தலைசுற்றல் ஒன்று இல்லை

டாக்டரம்மா மதுரைப் பக்கம். சீன வைத்தியம் முறையாகப் படித்தவர். யார் வந்தாலும் முதலில் பிரஷர், சுகர், காது டாக்டர் சீட்டு மூன்றையும் கேட்பார். அதைப் பார்க்காமல் ஊசியைத் தொட மாட்டார். ஒருமுறை ஒருவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. படி ஏறவே விடவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

சீட்டெல்லாம் சரியாக இருந்து, தலை மட்டும் சுற்றினால் அது நம்ம ஆள்.

சீனக் கணக்கில் தலைசுற்றல் பல வகை. டாக்டரம்மா எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

கோபக்காரர்களுக்குக் கல்லீரலில் இருந்து சூடு மேலே ஏறும். குக்கர் ஆவி மாதிரி. முகம் சிவக்கும், காது இரையும். பல்ஸ் கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும். ஆவியைக் கீழே இறக்க வேண்டும்.

சிலருக்குச் சக்தியும் ரத்தமும் கம்மி. மோட்டார் சரியாக இழுக்காவிட்டால் மாடி டேங்க்குக்குத் தண்ணி ஏறாது இல்லையா, அப்படி. எழுந்து நின்றால் கண் இருட்டும். நாக்கு வெளுத்திருக்கும்.

வயசானவர்களுக்கு உள்ளே இருக்கும் ஈரம் வற்றிப்போகும். இடுப்பு வலிக்கும், காதுக்குள் பூச்சி கத்தும். நாக்கு சிவந்து, மேலே படிவு எதுவும் இல்லாமல் மொழுக்கென்று இருக்கும். அதற்குக் குளிர்ச்சி கொடுக்க வேண்டும்.

கடைசி வகை சளி. மூக்கில் வருகிற சளி மட்டும் இல்லை. வயிறு சரியாக அரைக்காமல் மிஞ்சுகிற மந்தமும் இவர்கள் கணக்கில் சளிதான். அது கால்வாய் அடைத்த மாதிரி நடுவில் நிற்கும். தலை கனக்கும், குமட்டும். நாக்கில் வெள்ளையாக மாவு படியும். பல்ஸ் விரலுக்குக் கீழே வழுக்கும்.

ஆக, ஒரே சுற்றலுக்கு நாலு வழி. எந்த வழி என்று சொல்வது பல்ஸும் நாக்கும். நாக்கு மிக முக்கியம்.

இதை நோயாளிகளிடம் சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு சண்டை. தலை சுற்றுகிறது என்று வந்தால் காலில் குத்துகிறீர்களே என்பார்கள். உச்சியில் ஒன்று குத்தினால் சமாதானம் ஆவார்கள். அந்த உச்சி ஊசியை எடுக்கும்வரை காத்திராமல் ஒருவர் சென்ட்ரல் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். நான் படியில் இறங்கி ஸ்டேஷன் வரை ஓடினேன். பிளாட்பாரத்தில் அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எல்லாரும் நின்றிருந்தார்கள். அதனால் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஊசியை எடுத்தேன். ரயில் வந்தது. அவர் போய்விட்டார்.

3. வாட்ச்மேன்

முனுசாமி கோவில்பதாகையில் இருந்து வந்தார். கூட அவர் சம்சாரம் குப்பம்மா. முனுசாமிக்குக் கெட்டியான உடம்பு. ஆனால் முதல் நாள் அந்தப் படியை நாலு காலில் ஏறினார். பின்னால் இருந்து குப்பம்மா தள்ளினார்.

என்ன வேலை என்று டாக்டரம்மா கேட்டார். வாட்ச்மேன் என்றார்.

அது பொய். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிரேன் ஆப்பரேட்டர். கூரையை ஒட்டி ஓடும் கிரேன். செங்குத்து ஏணியில் ஏறி மேலே கேபினில் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பைத் தூக்கி ஆட்கள் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். தலை சுற்றுவது கம்பெனிக்குத் தெரிந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். இறக்கினால் அந்த சீட் போயிற்று. அதனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சீட்டுகள் சரியாக இருந்தன. டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். மொழுக்கென்று, செக்கச்செவேல் என்று இருந்தது. படிவு துளிகூட இல்லை. பல்ஸ் மட்டும் கொஞ்சம் வழுக்குகிறதே என்று யோசித்தார். மறுபடி நாக்கைப் பார்த்தார். உள்ளே ஈரம் வற்றின வகை என்று முடிவு செய்தார். கணுக்காலில் குத்தினார். சாப்பாட்டில் குளிர்ச்சி சேர்க்கச் சொன்னார். இளநீர், பேரிக்காய், தயிர்.

தயிர் என்றதும் முனுசாமி முகம் மலர்ந்துவிட்டது. குப்பம்மா வீட்டில் தயிருக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தார் போலிருக்கிறது. முனுசாமி சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டுகினியா? டாக்டரம்மாவே சொல்ட்டாங்க."

வாரங்கள் போயின. சுற்றல் குறையவில்லை. கூடியது. ஒவ்வொரு முறையும் நாக்கு பளபளவென்று இருந்தது. டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் தயிர் சேர்க்கச் சொன்னார். முனுசாமி மறுப்பு சொல்லவில்லை. எவ்வளவு சுற்றினாலும் அந்த வைத்தியத்தில் மட்டும் நம்பிக்கையாக இருந்தார்.

4. கரண்ட் போன நாள்

ஒரு நாள் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் எல்லாம் காலையில் இருந்து கரண்ட் இல்லை. கம்பெனிகளில் ஆட்களை முன்னாடியே விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வரவேண்டிய ஒருவர் மத்தியானமே வந்தார். பெயர் தனசேகர். சிவந்த முகம். பேங்க்கில் வேலை என்று சொல்லியிருந்தார். அவருக்குக் கோபத் தலைசுற்றல், குக்கர் வகை. உச்சியிலும் கைகளிலும் பாதத்திலும் ஊசி போட்டுப் படுக்க வைத்து ஸ்கிரீனை இழுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் முனுசாமி வந்தார். கம்பெனியில் இருந்து நேராக வந்ததால் சட்டையில் கிரீஸ். குப்பம்மா வீட்டில் இருந்து வந்து சேர்ந்துகொண்டார்.

சாதாரணமாக ரெண்டு ஃபேன் ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் பேசுவது கேட்காது. அன்றைக்கு ஃபேன் இல்லை. கீழே தண்டவாளத்தில் வண்டி போனால்தான் சத்தம்.

டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். முனுசாமி தயங்கினார். குப்பம்மாவைப் பார்த்தார். அப்புறம் நீட்டினார். டாக்டரம்மா டார்ச் அடித்துக் குனிந்தார். தோசைக்கல்லில் மாவு ஊற்றின மாதிரி தடிமனாக வெள்ளை.

"முனுசாமி, இது உங்க நாக்குதானா?"

"என்துதான் டாக்டரம்மா."

"இத்தனை நாள் இந்த மாவு எங்கே இருந்துச்சு?"

குப்பம்மா பையில் கை விட்டு ஸ்டீல் நாக்கு வழிப்பானை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"லேடி டாக்டராண்ட அந்த நாக்க எப்டி காட்றது? அதான் கீய பைப்பாண்ட நிக்க வெச்சி, நல்லா வழிச்சி வுட்டு இட்டாருவேன். இன்னிக்கி மோட்டார் ஓடல. பைப்புல தண்ணி இல்ல."

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வழிச்ச நாக்கைப் பார்த்து நான் வறட்சின்னு நினைச்சேன். இது சளி. சளிக்குத் தயிர்தான் முதல் எதிரி. எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"மூணு வேளையும் துன்னுகினு கீறேன்," என்றார் முனுசாமி. சொன்ன வைத்தியத்தை ஒழுங்காகச் செய்தவர் முகம்.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இனி எதையும் விடக் கூடாது என்று முதலில் இருந்து கேட்க ஆரம்பித்தார்.

"வேலை என்ன சொன்னீங்க? உட்கார்ந்த வேலைதானே?"

"ஆமா. வாட்ச்மேன்."

ஸ்கிரீனுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"எந்த கேட்ல வாட்ச்மேன், முனுசாமி?"

முனுசாமி எழுந்து வாசலுக்குப் போனார். சுழல்படியைக் கீழே பார்த்தார். அங்கேயே மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவரால் ஓட முடியவில்லை, தலை சுற்றியது. தனசேகராலும் எழுந்து வர முடியவில்லை, உடம்பெல்லாம் ஊசி. நான் ஸ்கிரீனை விலக்கினேன். இரண்டு பேரும் படுத்தவாக்கிலும் உட்கார்ந்தவாக்கிலும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

தனசேகர் அவருடைய சூப்பர்வைசர்.

"எத்தனை நாளா இது?" என்று கேட்டார்.

"ஏணில மட்டும்தான் சார். மேல போய் குந்திட்டா ஒண்ணும் இல்ல."

"யோவ், தினமும் உன் கொக்கிக்குக் கீழதான்யா நான் நிக்கிறேன்."

"பேங்க் சார், தலையை ஆட்டாதீங்க. உச்சியில ஊசி இருக்கு," என்றார் டாக்டரம்மா.

முனுசாமி நிமிர்ந்தார்.

"பேங்க்கா? எந்த பிராஞ்சு சார்?"

தனசேகர் கூரையைப் பார்த்தார். முகம் இன்னும் சிவந்தது. அவருக்கும் சுற்றுவது மேனேஜருக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்தால் வேலை நடக்கிற ஷாப்பை விட்டு ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்களாம். அதைக் கேட்டு முனுசாமிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நான் உங்களைப் பார்க்கவில்லை, நீங்களும் என்னைப் பார்க்கவில்லை என்று பேரம் பேசினார்.

தனசேகர் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னை இனி ஏற்ற மாட்டேன் என்றார்.

முனுசாமி குரல் இறங்கிவிட்டது. "ஒருவாட்டி எறக்கிட்டா அப்பால ஏத்த மாட்டாங்க சார். அது உங்களுக்கே தெரியும்."

குப்பம்மாதான் குறுக்கே பேசினார்.

"நீ மேலேர்ந்து வுய்ந்தா எனக்கு அந்த கிரேன் சீட்டு வோணுமா, நீ வோணுமா? கீய நில்லுய்யா கொஞ்ச நாளு."

டாக்டரம்மா தீர்ப்பு சொன்னார். இரண்டு பேரும் கொக்கிக்குக் கீழேயும் வேண்டாம், மேலேயும் வேண்டாம். படிவு போய், சுற்றல் நின்று, கம்பெனி டாக்டரும் பார்த்துச் சரி என்றால் முனுசாமி ஏறலாம். தனசேகர் யோசித்தார். அதுவரை தரையில் நின்று பட்டனில் இயக்கும் சின்ன கிரேனுக்கு முனுசாமியைப் போடுவதாகவும், மேலே இருக்கும் சீட்டை நிரந்தரமாக யாருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். உச்சியில் ஊசியோடு கொடுத்த வாக்கு.

"உங்க நாக்கையும் மறுபடி பார்க்கணும் சார். நீங்களும் வழிச்சிட்டு வந்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தனசேகர் என்னைப் பார்த்துச் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். கை விட்டேன். நாக்கு வழிப்பான். பிளாஸ்டிக்.

5. போர்டு

அன்றைக்கு முதல் முனுசாமிக்கு வைத்தியம் மாறியது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், வெளிப்பக்கம் ஒரு பாயின்ட். சளியை இறக்குவது. மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒன்று. குமட்டலுக்கு. தயிர், வடை, வாழைப்பழம், ஐஸ் எல்லாம் நிறுத்தம். சுக்கு போட்ட கஞ்சி. ஊசிக்கு ஒரு நாளும் முகம் சுளிக்காதவர் இதற்குச் சுளித்தார்.

நாக்கில் மாவு மெல்ல மெல்லக் கரைந்தது. முதலில் படியை இரண்டு காலில் ஏறினார். அப்புறம் குப்பம்மா தள்ளாமல் ஏறினார். ஒரு நாள் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் நாக்கைக் காட்டினார். சுத்தமாக, மெல்லிய வெள்ளையோடு, இருக்க வேண்டிய மாதிரி இருந்தது. கம்பெனி டாக்டரும் சரி என்றார். தனசேகர் வாக்கு தவறவில்லை.

கிளினிக் வாசலில் நான் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். "நாக்கை வழிக்காமல் வரவும்." மறுநாளில் இருந்து பாதிப்பேர் பல்லே விளக்காமல் வந்தார்கள். டாக்டரம்மா இரண்டு மாஸ்க் போட்டார். போர்டை மாற்றினேன். "பல் விளக்கலாம். நாக்கை மட்டும் விட்டுவிடவும்."

புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். டாக்டரிடம் வருகிறவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். நாக்கையும் அப்படித்தான் கொண்டுவருவார்கள், வேலையையும் அப்படித்தான் சொல்வார்கள். ஏமாற்ற இல்லை. மரியாதைக்கும் பயத்துக்கும். அதனால் உள்ளே அனுப்பும் முன் வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, இங்கே கேட்டது படிக்குக் கீழே போகக் கூடாது.

போன மாசம் முட்டி வலிக்கு ஒருவர் வந்தார். முனுசாமி கம்பெனிதான். மூச்சு இறங்க பெஞ்சில் உட்கார வைத்தேன். அவராகவே பேசினார்.

"எங்க கம்பெனில ஒரு கூத்துக்கா. தெனம் காலைல ஏணில ஏறதுக்கு முன்னாடி கிரேன் ஆப்பரேட்டரு சூப்பர்வைசருக்கு நாக்க துருத்திக் காட்றாரு. அந்தாளும் உத்துப் பாத்துட்டு, திருப்பித் துருத்திக் காட்றாரு. அப்பால இவரு மேல ஏறிப் போறாரு. ரெண்டு பேருக்கும் இன்னா சண்டைன்னே தெரில. யூனியன்ல பேசிகினு கீறாங்க."

நான் நாக்கை நீட்டச் சொன்னேன்.

வழித்திருந்தார்.