முதல் திங்கட்கிழமையின் சொக்கலிங்க பாபு

கப்பல் வந்தால்தான் அந்தமானில் இருக்கும் எங்கள் ரங்கத்துக்குச் சாவுச் செய்தியும் வரும். இந்த முறை கப்பல் பிந்திவிட்டது. சொக்கலிங்க பாபு இறந்துவிட்டதாக அவர் மகன் எழுதிய கடுதாசி என் கைக்குக் கிடைத்தபோது, அங்கே ராமநாதபுரத்தில் கருமாதியே முடிந்திருந்தது. கடையைச் சாத்தலாமா என்று யோசித்தேன். என்றைக்கோ முடிந்துபோன சாவுக்கு இன்றைக்கு எதற்குக் கடையடைப்பு? வியாபாரம் பார்க்கவும் மனம் வரவில்லை. கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குடியேற்ற ஆபீசில் அவர் தலைமை எழுத்தர். ஆபீசுக்கு எதிரே என் மளிகைக்கடை. அவர் வேலைகளில் பெரிய தொல்லை, மாதாந்திரக் கூட்டம். போர்ட் பிளேரிலிருந்து அதிகாரி லாஞ்ச் படகில் வந்து குடியேறிகளின் நில வழக்கைக் கேட்பார். ‘பிரதி மாதம் முதல் திங்கள், மறு உத்தரவு வரும்வரை’ என்று வாசல் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும். மழைக்கு அழியும், மறுபடி எழுதுவார். “அல்லா எழுதின எழுத்துகூட மாறும் பாபு, உங்க எழுத்து மாறாது போல” என்று சீண்டுவேன். “மாத்துறதுக்கு நான் யாரு பாய்?” என்பார்.

ஒரு மழைக்காலத்தில் லாஞ்ச் கிளம்ப முடியவில்லை. ‘கூட்டம் செவ்வாய்க்கிழமை’ என்று வயர்லெஸில் செய்தி வந்தது. அவ்வளவுதான் வாசகம். பாபு அந்தத் தாளோடு என் கடைக்கு வந்து நின்றார். “இந்த ஒரு தடவைக்கு மட்டுமா, இனிமே எப்பவுமா? அதைச் சொல்லலையே, பாய்.” திருப்பிக் கேட்டு அனுப்பினார். ‘சொன்னபடி செய்க’ என்று பதில் வந்தது. செவ்வாயன்று அதிகாரி வந்தபோது பாபு படகுத்துறையிலேயே மடக்கிக் கேட்டார். “தேகா ஜாயேகா” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். பார்த்துக்கொள்ளலாமாம்! யார் பார்ப்பது?

மாட்டிக்கொண்டது சாருபாலா. வங்காளத்திலிருந்து புருஷனோடு வந்து, காட்டை வெட்டி வயலாக்கியவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அதிகாரி முன்னால் நேரில் நின்று சொன்னால்தான் நிலம் அவள் பேருக்கு மாறும். நிற்காவிட்டால் ஆளில்லாத நிலம் என்று வேறு குடும்பத்துக்குப் போய்விடும். அடுத்த மாதம் அவள் செவ்வாயன்று வந்தாள். அதிகாரி திங்களன்றே வந்து, கடல் ஏற்றம் வடிவதற்குள் லாஞ்சைப் பிடித்துத் திரும்பியிருந்தார். அதற்கடுத்த மாதம் திங்களன்று வந்து காத்திருந்தாள். அன்றைக்கு லாஞ்ச் வரவில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டு வந்திருந்தவள், சாயங்காலம் வழியிலிருக்கும் நாலா ஓடை பெருகுமுன் ஊருக்கு நடந்துவிட்டாள். மறுநாள் காலையில் அதிகாரி வந்து இறங்கினார்.

பாபு அவளுக்காக அவரிடம் மன்றாடியது என் கடைவரை கேட்டது. “ஹுசூர், அந்தம்மா நேத்து வந்துட்டுப் போச்சு. நானே சாட்சி.” “நேற்று கூட்டம் இல்லையே” என்றார் அதிகாரி. அதுவும் உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறகு அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தது. புதியவர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூட்டம் பழையவர் பேரில் போட்டது. அவர் இல்லாமல் நடத்த முடியாது, அவர் சொல்லாமல் நிறுத்தவும் முடியாது. “அந்தப் பலகையை அழிச்சுத் தொலைங்களேன், பாவம் ஜனம் நடந்து நடந்து சாகுது” என்று ஒருநாள் கத்திவிட்டேன். “அழிக்க எனக்கு உத்தரவு இல்லை பாய். அழிச்ச மறு வாரமே அவர் வந்து நின்னா, இந்த ஜனத்துக்கு யார் பதில் சொல்றது?” என்றார்.

ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் திங்களும் அதன் மறுநாளும் கூடத்தைத் திறந்து, பெஞ்சைத் துடைத்துப்போட்டு உட்காருவார். அதிகாரியின் நாற்காலி காலியாக இருக்கும். வந்தவர்கள் அவரிடமே குறையைச் சொல்வார்கள். கேட்டுக்கொள்வார், எழுதி மேலே அனுப்புவார். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. சாருபாலாவின் நிலம் வேறொருவருக்குப் போனதை அவளுக்குச் சொன்னதும் அந்தக் கூடத்தில்தான். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. கடையில் வந்து உட்கார்ந்து, “நாள் வைக்கத் தெரியாதவன் கையில நாளைக் கொடுத்துட்டானுக பாய்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தன்னைத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் அது தனக்குத்தானே செய்துகொண்ட அநியாயம்.

ஓய்வு பெற்று மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிய அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஒரு தடவைக்கு மட்டுமா, எப்பவுமா?” என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். சிரித்தார். “உத்தரவுல போடலையே, பாய்.”

நிலம் போன பிறகும் சாருபாலா முதல் திங்களன்று வருவதை விடவில்லை. இப்போது மரமில்லில் கூலி வேலை. அவர் போன பிறகு ஆபீஸ் பியூன் பழக்கத்தில் கூடத்தைத் திறந்துவிடுவான், அவள் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவாள். இந்தத் திங்களும் வந்தாள். பாபு காலமாகிவிட்டார் என்று சொன்னேன். என் கடை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நம்ம ஊர் இந்தியில், “அவர் எழுதி அனுப்பினாரே, அதுக்குப் பதில் வந்தா இனிமே யார் எனக்குச் சொல்வாங்க?” என்று கேட்டாள்.

நான் சொல்கிறேன் அம்மா என்றேன். வராது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பாபு இத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து என்ன செய்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்த உட்காருதல்தான். அடுத்த முதல் திங்களன்று என் கடை வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கும். மறுநாளும் இருக்கும்.