போர்ச்சுகலில் ஒரு பிரியாணித் தட்டு

வேலை முடிந்து ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது இம்ரான் வீடியோ காலில் வந்தான். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைத்தவன். இப்போது போர்ச்சுகலில். அங்கேயும் ஷூ கம்பெனிதான்.

சம்பளம் ஜாஸ்தி என்றான். சந்தோஷப்பட்டேன்.

மசூதியில் நம்ம பக்கத்து ஆட்கள் நிறைய பேர் பழக்கமாகிவிட்டார்கள் என்றான். அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு பிரியாணித் தட்டைக் காட்டினான். அதே தட்டில் எதிர்ப்பக்கம் இன்னொருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“யார்றா அது?”

“இவன்தான்டா இங்க எனக்கு நீ. உன்ன மாதிரியே கத்திரிக்காய என் பக்கம் தள்ளிட்டு கறிய எடுத்துக்கறான்.”

அவன் எனக்குக் கையசைத்தான்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. “ஒண்ணும் கேக்கல மச்சி” என்று சொல்லி கட் பண்ணிவிட்டேன்.

ஆம்பூரில் இம்ரான் இடம் காலி. கத்திரிக்காய் பிடித்தவர்கள் மட்டும் கமெண்டில் வரவும்.